பத்து மாத வயிற்று வலி

தலைப்பைப் பார்த்து யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். நிஜமாகவே பத்து மாதம், 2023 ஆகஸ்டிலிருந்து 2024 ஜூன் வரை, எனக்கு வயிறு வலித்தது. காரணம் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் தெரிந்தபோது அதைக் கண்டுபிடிக்க எந்த மெஷினும் தேவைப்படவில்லை. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

காய்ச்சல் என்று சொன்னால் "டாக்டரைப் பாத்தியா?" என்று கேட்கிறவர்கள், வயிற்று வலி என்று சொன்னால் மட்டும் தாங்களே டாக்டராகி விடுகிறார்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஹாஸ்டல் வார்டன் மேடம்: "கேஸ்தான், பெருங்காயம் போட்டு மோர் குடி." பக்கத்து ரூம் அக்கா: "டேட் வரப் போகுதா?" வகுப்புத் தோழன் ஒருவன்: "இன்டர்னல்ஸ் வந்தா எனக்கும்தான் வயிறு கலக்குது." அம்மா போனிலேயே ஓமத் தண்ணி போடச் சொல்லிக் கொடுத்தார், ஹாஸ்டலில் அடுப்பு கிடையாது என்பதை மறந்து. மெஸ் சாப்பாட்டின் மேல் பழி போட்டவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். இத்தனைக்கும் எங்கள் மெஸ் சாப்பாடு அவ்வளவு மோசம் இல்லை. சாம்பார் மட்டும் கொஞ்சம் தண்ணி.

வலி எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. தொப்புளுக்கு வலது பக்கம் நாலு விரல் தள்ளி, கொஞ்சம் கீழே. ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம். சும்மா இருந்தால் மந்தமாக இருக்கும். படுக்கையிலிருந்து எழும்போது, மேல் கட்டிலுக்கு ஏறும்போது, துணி ஊறவைத்த பக்கெட்டைத் தூக்கும்போது, தும்மும்போது, யாராவது ஜோக் அடித்து சிரிக்கும்போது, கத்தியால் குத்தின மாதிரி ஒரு குத்து. வாந்தி இல்லை, பேதி இல்லை, காய்ச்சல் இல்லை, பசி குறையவில்லை. கோவையிலிருந்து எங்கள் ஊரான ஒட்டன்சத்திரத்துக்கு பஸ்ஸில் போகும்போது பொள்ளாச்சி தாண்டுவதற்குள் ஒவ்வொரு வேகத்தடையையும் எண்ணிக்கொண்டே வருவேன்.

முதல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சாப்பிட்டா வலிக்குதா, சாப்பிடாம இருந்தா வலிக்குதா?" இரண்டும் இல்லை என்றேன். அல்சராக இருக்கலாம் என்று பேண்டோப்ரசோல் 40 மி.கி., காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். ஒரு மாதம் விழுங்கினேன். வலி அப்படியே இருந்தது.

இரண்டாவது இடத்தில் ஸ்கேன். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் வரிசையில் உட்கார்ந்திருந்த கொடுமையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ரிப்போர்ட்டில் வலது சினைப்பையில் 2 செ.மீ. நீர்க்கட்டி என்று வந்தது. அந்த டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார்: மாதாமாதம் முட்டை முதிரும்போது இந்த அளவு நீர்ப்பை வருவதும் போவதும் சாதாரணம், ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று. ஆனால் ரிப்போர்ட்டைப் படித்த சொந்தக்காரர்களுக்கு 'கட்டி' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. தீபாவளிக்குள் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "படிப்பை முடிச்சதும் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சிருங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்று ஒரு பெரியம்மா. என்ன மருத்துவமோ! ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது நீர்க்கட்டியைக் காணோம். வலி மட்டும் வீட்டுக்காரன் மாதிரி அங்கேயே இருந்தது.

மூன்றாவது, எண்டோஸ்கோப்பி. தொண்டை மரத்துப் போவதற்கு ஒரு மருந்தை ஸ்ப்ரே அடித்து, பல்லுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வைத்துக் குழாயை இறக்கினார்கள். (அந்த ஸ்ப்ரேயில் இருந்த மருந்தின் பெயர் லிக்னோகெயின். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.) இரைப்பையில் ஒரு துளி சதையைக் கிள்ளி மஞ்சள் ஜெல்லில் போட்டார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருந்தால் ஜெல் சிவந்துவிடுமாம். என்னுடையது மஞ்சளாகவே இருந்தது.

அந்த பாக்டீரியாவின் கதை சுவாரஸ்யமானது. அல்சருக்குக் காரணம் டென்ஷனும் காரமும் அமிலமும்தான் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் இல்லை, ஒரு கிருமிதான் என்றார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்த கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இதைப் படித்தபோது எனக்கு ஒரு நப்பாசை. அதற்கு முன்னால் எத்தனை அல்சர்காரர்களிடம் "கவலைப்படாம இருங்க, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்!

ஏனென்றால் அதற்குள் எனக்கும் அந்த வசனம் வந்துவிட்டது. ரத்தம், சிறுநீர், மலம், கல்லீரல், கணையம் எல்லாம் நார்மல். நார்மல் என்று வந்தால் சந்தோஷப்பட வேண்டும் இல்லையா? ஒவ்வொரு நார்மலுக்கும் என் மேலிருந்த நம்பிக்கை ஒரு படி இறங்கியதுதான் நடந்தது. "ஐ.பி.எஸ். மாதிரி இருக்கு, ஸ்ட்ரெஸ்ஸைக் குறைச்சுக்கம்மா" என்றார் ஒருவர். ஐ.பி.எஸ். என்பது கற்பனை வியாதி இல்லை, அது இருப்பவர்களுக்கு அது நிஜமான வேதனை. ஆனால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு: மலம் கழிப்பதோடு வலிக்குத் தொடர்பு இருக்கும், போகிற தடவையோ தன்மையோ மாறும். எனக்கு அதெல்லாம் கடிகாரம் மாதிரி. சொன்னேன். "அப்படியும் வரலாம்" என்றார்.

மார்ச் மாதம் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனது. டிபார்ட்மெண்டில் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஃபைல் நிறைய ரிப்போர்ட் வைத்திருந்தேன், எல்லாமே எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லும் ரிப்போர்ட். உடம்பு சரியில்லை என்பதற்கு அதைச் சாட்சியாக நீட்டுவது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கவுன்சிலரிடம் அனுப்பினார்கள். அந்த மேடம் நல்லவர். வீட்டில் பிரச்சினையா, காதலா, பாடம் பிடிக்கவில்லையா என்று அன்பாகக் கேட்டார். மூன்றும் இல்லை மேடம், வயிறு வலிக்கிறது என்றேன். சிரித்துக்கொண்டே ஏதோ எழுதிக்கொண்டார். அன்று ராத்திரிதான் முதல் முறையாக, ஒருவேளை நானே இதை உண்டாக்குகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. வலியை விட அது மோசம்.

நான் இ.இ.இ. மாணவி. ஒரு மோட்டார் ஓடவில்லை என்றால் மோட்டாரைத் திட்டிக்கொண்டிருக்க மாட்டோம், எந்த லோடில் நிற்கிறது, எப்போது டிரிப் ஆகிறது என்று குறிப்பெடுப்போம். அதே மாதிரி ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், என்ன சாப்பிட்டேன், என்ன செய்துகொண்டிருந்தேன், வலி பத்துக்கு எத்தனை. 41 நாள் எழுதினேன். பிரியாணி சாப்பிட்ட நாளும் கஞ்சி குடித்த நாளும் ஒரே மாதிரி. பரீட்சை நாளும் விடுமுறை நாளும் ஒரே மாதிரி. எட்டு, ஒன்பது என்று போட்ட இடத்திலெல்லாம் பக்கத்தில் 'எழுந்தேன்', 'தூக்கினேன்', 'ஏறினேன்', 'இருமினேன்'. சாப்பாட்டுக் காலத்துக்கும் வலிக் காலத்துக்கும் சம்பந்தமே இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு டாக்டர்கள் அட்டையைப் பார்த்தார்கள்.

ஏப்ரலில் ஊருக்குப் போனபோது அப்பத்தா விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. "குடல் ஏறிக் கிடக்கும், வழிச்சு விட்டா இறங்கிடும்" என்று விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி வயிற்றில் தடவி வழித்தது. வயிறு முழுக்கச் சுகமாக இருந்தது, அந்த ஒரு இடத்தைத் தொடும் வரை. அங்கே விரல் பட்டதும் நான் போட்ட கத்தலில் வாசலில் இருந்த அப்பா ஓடி வந்துவிட்டார். அப்பத்தா கையை எடுக்காமல், "இங்கதாண்டி நரம்பு பிசகியிருக்கு" என்றது. எல்லோரும் சிரித்தோம். எங்கள் அப்பத்தாவுக்கு முட்டி வலியும் நரம்பு, தலைவலியும் நரம்பு, டிவி சரியாகத் தெரியாவிட்டால் அதுவும் நரம்பு.

மே மாதம் சி.டி. ஸ்கேன். அதிலும் ஒன்றுமில்லை, குடல்வால் 5 மி.மீ., இயல்பு என்று இருந்தது. ஆனாலும் ஒரு சர்ஜன், வலிக்கிற இடம் குடல்வால் இருக்கும் இடம்தான், சில சமயம் ஸ்கேனில் தெரியாது, லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிட்டால் நிம்மதி என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பத்து மாதத்தில் "உனக்கு ஏதோ இருக்கிறது" என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே வயிற்றைக் கொடுக்கத் தயாராக இருந்தேன். செலவு 65,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அப்பா காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார். முதலாளியிடம் சம்பள முன்பணமாக வாங்கி வந்தார். எவ்வளவு தயங்கிக் கேட்டிருப்பார் என்று அவர் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததிலேயே தெரிந்தது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால், மயக்க மருந்து கொடுக்கத் தகுதியாக இருக்கிறேனா என்று பார்க்க அந்தப் பிரிவின் டாக்டரிடம் அனுப்பினார்கள். வழக்கமான சடங்குதான். ஆஸ்துமா உண்டா, ஆடும் பல் உண்டா, வாயைத் திற. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. கையெழுத்துப் போடப் போனவர், ஃபைலின் கனத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"எங்கம்மா வலிக்குது? காட்டு."

காட்டினேன்.

"எப்பவும் இப்படி ஒரு விரலாலதான் காட்டுவியா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆமாம், எப்போதும் ஒரு விரல்தான். படுக்கச் சொன்னார். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, விரல் நுனியால் அழுத்தினார். வலித்தது. விரலை எடுக்காமல், "இப்ப ரெண்டு கையையும் நெஞ்சு மேல கட்டிக்கிட்டு, தலையையும் தோளையும் மட்டும் தூக்கு" என்றார். தூக்கினேன். உயிர் போய்விட்டது. "கூடுதா குறையுதா?" "கூடுது சார்!" பிறகு இரண்டு பக்கமும் தோலைக் கிள்ளிப் பார்த்தார். இடது பக்கம் சாதாரணக் கிள்ளல், வலது பக்கம் தேள் கொட்டின மாதிரி. ஸ்பிரிட் பஞ்சால் தடவினார். இடது பக்கம் சில்லென்று இருந்தது, அந்த நாணயம் அளவு இடத்தில் மட்டும் சில்லிப்பு குறைவு. என் நோட்டை வாங்கி இரண்டு பக்கம் படித்தார். பிறகு சொன்னார்:

"இது வயித்துக்குள்ள இல்லம்மா. வயித்துச் சுவத்துல இருக்கு."

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். நம் மொழியில் எல்லாவற்றுக்கும் வயிறு ஒன்றுதான். பசிப்பதும் வயிறு, தொப்பை போடுவதும் வயிறு, பிள்ளை பிறப்பதும் வயிறு, பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் எரிவதும் வயிறு. மேல் தோலிலிருந்து முதுகெலும்பு வரை ஒரே பெயர். அதனால் வயிறு வலிக்கிறது என்றதும் எல்லோரும் நேரே உள்ளே போய்விடுகிறார்கள். உள்ளே இருக்கும் உறுப்புகளுக்கும் வெளியே இருக்கும் சுவருக்கும் நரம்புகள் வேறு வேறு. உறுப்புகளின் நரம்புகள் இடத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாதவை. 'எங்கேயோ நடுவில் வலிக்கிறது' என்று மொட்டைக் கடிதாசி போடும். குடல்வால் வீங்கினால்கூட வலி பெரும்பாலும் முதலில் தொப்புளைச் சுற்றித்தான் ஆரம்பிக்கும். வீக்கம் வயிற்றுச் சுவரின் உள்பக்கச் சவ்வைத் தொட்ட பிறகுதான் வலது கீழ்ப்பக்கம் நகரும். சுவரின் நரம்புகளோ கதவு எண்ணோடு முகவரி கொடுக்கும். ஒரு விரலால் காட்ட முடிகிற, மாதக்கணக்கில் நகராத வலி என்றால் சுவரையும் சந்தேகப்பட வேண்டும்.

மார்புக்கூட்டின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் நரம்புகள் (ஏழாவது முதல் பன்னிரண்டாவது வரை) பக்கவாட்டில் தசைகளுக்கு நடுவே ஓடி வந்து, வயிற்றின் முன்பக்கம் செங்குத்தாக இருக்கும் தசையின் வெளி ஓரத்தில் சட்டென்று 90 டிகிரி திரும்பி, ஒரு சின்ன நார் வளையத்தின் வழியாகத் தோலுக்கு வருகின்றன. அந்த வளையத்தில் நரம்பு சிக்கி இறுகினால் இந்த வலி. எங்கள் டிபார்ட்மெண்ட் மக்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: பேனலுக்குள் கேபிள் நுழையும் கிளாண்ட் அதிகமாக இறுகி, வயரை நசுக்குகிறது. நாம் பேனலைத் திறந்து உள்ளே இருக்கும் ரிலே, கான்டாக்டர் எல்லாவற்றையும் சோதித்து நார்மல், நார்மல் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்!

தலையைத் தூக்கும் சோதனைக்கும் தர்க்கம் எளிது. தலையைத் தூக்கினால் வயிற்றுத் தசை பலகை மாதிரி விறைக்கும். வலி உள்ளே இருந்தால் அந்தப் பலகை விரலைத் தடுத்துவிடும், வலி குறையும். வலி பலகையிலேயே இருந்தால் கூடும், அல்லது அப்படியே இருக்கும். இதை அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த கார்னெட் என்ற சர்ஜன் 1926லேயே எழுதிவிட்டார். கார்னெட் சோதனை என்றே பெயர். கிட்டத்தட்ட நூறு வருடப் பழசு, செலவு பூஜ்யம், நேரம் அரை நிமிடம். நூற்றுக்கு நூறு நம்பக்கூடியது இல்லை, உள்சவ்வு அழன்றிருந்தாலும் வலி கூடலாம் என்றார் டாக்டர். ஆனால் பத்து மாதமாகக் காய்ச்சலும் இல்லை, ஸ்கேனில் எதுவும் இல்லை என்னும்போது அர்த்தம் வேறு.

அங்கிருந்தே சர்ஜனுக்குப் போன் போட்டார். சர்ஜன் வந்து தானும் அழுத்திப் பார்த்து, ஆபரேஷனைத் தள்ளி வைக்கச் சம்மதித்தார். மறுநாள் ஸ்கேன் கருவியை வைத்து இடம் பார்த்து, அந்தப் புள்ளியில் ஓர் ஊசி. உள்ளே போனது என்ன மருந்து? லிக்னோகெயின்! எண்டோஸ்கோப்பியின்போது தொண்டையில் அடித்த அதே சாமான். பத்து நிமிடம் கழித்துத் தலையைத் தூக்கச் சொன்னார். பயந்துகொண்டே தூக்கினேன். ஒன்றுமே இல்லை. மறுபடி தூக்கினேன். இருமிப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்தேன். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அப்பா மெதுவாக, "அப்ப ஆபரேசன் வேண்டாங்களா சார்?" என்று கேட்டார்.

"ஊசி என்பதால் மனசு நம்பிவிட்டது, அவ்வளவுதான்" என்று என் வகுப்பிலேயே ஒரு அறிவாளி சொன்னான். நியாயமான சந்தேகம்தான். இதை நெதர்லாந்து டாக்டர்கள் ஏற்கெனவே சோதித்து 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள். இதே மாதிரி வலி உள்ள 48 பேரில் பாதிப் பேருக்கு மரத்துப்போகும் மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். மருந்து போட்ட 24 பேரில் 13 பேருக்கு நன்றாகக் கேட்டது, உப்புநீர் போட்ட 24 பேரில் 4 பேருக்கு. ஆக மனசுக்கும் பங்கு உண்டு, ஆனால் மனசு மட்டும் இல்லை. 11 பேருக்கு மருந்தும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

எனக்கும் ஒரே ஊசியில் தீரவில்லை. நாலாம் நாள் வலி திரும்பி வந்தது, பாதி பலத்தோடு. அன்று நான் பயப்படவில்லை, பெயர் தெரிந்த வலி வேறு மாதிரி வலிக்கிறது. இரண்டாவது ஊசியில் ஸ்டீராய்டும் சேர்த்தார்கள். மொத்தம் நான்கு ஊசிகள், அக்டோபர் 2024 வரை. அதற்கும் அடங்காவிட்டால் அந்தச் சின்ன நரம்பையே வெட்டிவிடும் ஆபரேஷன் உண்டாம், எனக்குத் தேவைப்படவில்லை. எதனால் வந்தது என்று கேட்டேன். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு, சில சமயம் தசைப் பிடிப்புக்குப் பிறகு வரும், பலருக்குக் காரணம் எதுவும் அகப்படாது என்றார்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்த்து, 'எனக்கும் சுவர்தான்' என்று முடிவு கட்ட வேண்டாம். எடை குறைவது, மலத்தில் ரத்தம், கறுப்பாகப் போவது, காய்ச்சல், மஞ்சள் காமாலை, நிற்காத வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, திடீரென்று வந்து கூடிக்கொண்டே போகும் வலி, இதில் ஒன்று இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான். எனக்கு எடுத்த டெஸ்டுகள் வீண் என்றும் சொல்லவில்லை. அவை வேறு பெரிய வியாதி இல்லை என்று சொன்னதால்தான் அவரால் அவ்வளவு தைரியமாகப் பேச முடிந்தது. டாக்டரிடம் போகும்போது வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்ட முடிகிறதா என்று பாருங்கள், எதைச் செய்தால் கூடுகிறது என்பதையும் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மண்டியில் வாங்கிய பணத்தில் ஊசிச் செலவு போக மிச்சத்தை அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். வருகைப்பதிவுக்கு அபராதம் கட்டித்தான் பரீட்சை எழுதினேன், ஒரு பேப்பர் அரியர் விழுந்து, அடுத்த செமஸ்டரில் கிளியர் செய்தாயிற்று. அப்பத்தாவிடம் விஷயத்தைச் சொன்னபோது வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டது. "நரம்புன்னு நான் சொன்னப்ப சிரிச்சீங்க. அம்புட்டுப் பணத்தைக் கொட்டி நரம்புன்னு கேட்டுட்டு வந்திருக்கீங்க" என்றது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாருக்கு என்ன வலி என்றாலும் அப்பத்தாவிடம்தான் முதலில் வருகிறார்கள். அதுவும் எல்லோருக்கும் நரம்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது :-)